நோய்நொடி இல்லாத தெரு

நல்லப்பர் வீதியில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது என்று எங்கள் ஆபீஸ் சொன்னது. சர்க்கரை இல்லை, மனசு சரியில்லாதவர் ஒருவரும் இல்லை, வலிப்பு இல்லவே இல்லை. திருப்பூரில், ஊரே பஞ்சையும் சாயத்தையும் சுவாசிக்கிற இடத்தில், இப்படி ஒரு தெரு! எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. அது உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

என் பெயர் தரணிகா. உத்தியோகம், சாயல் சரிபார்ப்பாளர். சாயல் என்றால் தெரியாதவர்கள் இப்போது யாரும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவர் போனிலும் அவரைப் போலவே பேசுகிற, அவர் என்ன சொல்வாரோ அதையே சொல்கிற ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்காக நாம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அது நாமாகவே ஆகிவிடும். ரேஷன் ஆபீஸில் நமக்குப் பதில் அதுதான் பேசும். பெண் கேட்டு வருகிறவர்களிடமும் அதுதான் முதலில் பேசும். அரசாங்கம் சனங்களின் கருத்தைக் கேட்க வேண்டுமென்றால் சனங்களிடம் வருவதில்லை. சாயல்களைக் கேட்டுவிடுகிறது. காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் மாநிலம் முழுக்கக் கேட்டு முடித்துவிடலாம்.

இந்த முறை கேள்வி 'ஒரே பை' பற்றியது. யாருக்கு என்ன வைத்தியம் ஆனாலும் செலவை அரசாங்கமே வரிப்பணத்திலிருந்து கட்டுகிற திட்டம் அது. விபத்து, பிரசவம், மூட்டு, இருதயம், புற்றுநோய் எல்லாம் ஏற்கெனவே பைக்குள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி பில் என்ற ஒன்றை என் மகன் கண்ணால் பார்த்ததே இல்லை. மீதம் இருந்தது நீள்நோய். வலிப்பு, மனநோய் மாதிரி ஆயுசு முழுக்கக் கூடவே வருகிறவை. அதையும் பைக்குள் சேர்க்கலாமா, வேண்டாமா? சேர்த்தால் வரி கொஞ்சம் கூடும்.

சாயல்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லியிருந்தன. "எங்க பக்கம் அப்படி யாருக்கும் இல்லைங்களே, எதுக்கு வீண் செலவு?" என்பதுதான் ஊருக்கு ஊர் பதில்.

"அக்கா, நாலு வீடு பாருங்க, பொருந்துதுன்னு போட்டுட்டு வாங்க. வெள்ளிக்கிழமை முடிவை அறிவிக்கணும்" என்றான் பிரகதீஷ். எனக்கு மேலதிகாரி, என்னைவிட இருபது வயது இளையவன். நல்ல பையன்தான். ஆனால் தெருவில் இறங்கி ஒருநாள்கூட நடந்ததில்லை.

முதல் வீடு மௌலிகாவுடையது. ஐம்பதை நெருங்குகிற அம்மாள். கணவர் நவநீதன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே பெண் மகிழினி அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரத்தை வெட்டித் தைக்கிறாள். கூடத்தில் புது நாற்காலிகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வரிசையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம்.

"வாங்க, மோர் குடிங்க. எங்கூட்டுல வந்து கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? எல்லாத்தையும் சாயல்கிட்டயே கேட்டிருப்பீங்களே" என்றார்.

"கேட்டாச்சுங்க. அது சொன்னதும் நீங்க சொல்றதும் ஒண்ணான்னு பாக்கோணும். அவ்வளவுதான்."

போனை நடுவில் வைத்து, வீட்டில் நீள்நோய் உள்ளவர் உண்டா என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் நம்ம குடும்பத்துலயே கிடையாதுங்க" என்றது சாயல். மௌலிகாவின் குரல், மௌலிகாவின் அதே இழுவை.

"நீங்க சொல்லுங்க."

"அதேதானுங்க. நம்ம குடும்பத்துலயே..."

உள்ளே பாத்திரங்கள் விழுந்தன. ஒன்றிரண்டு இல்லை, அலமாரியே சரிந்த சத்தம். அதைத் தொடர்ந்து குதிகால் தரையில் அடித்துக்கொள்கிற சத்தம். மௌலிகா எழுந்தார். எழுந்து முதலில் செய்த காரியம், டிவி சத்தத்தைக் கூட்டியதுதான். பிறகுதான் சமையலறைக்கு ஓடினார். கூப்பிடாமலே பின்னால் போவது என் கெட்ட பழக்கம். போனேன்.

மகிழினி தரையில் கிடந்தாள். பல் கிட்டியிருந்தது. கால் கேஸ் சிலிண்டரில் மோதிக்கொண்டிருந்தது. மௌலிகா பதறவே இல்லை. பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், துண்டை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தார், சிலிண்டரைக் காலால் தள்ளினார். அத்தனையும் ஒரே மூச்சில். பல வருஷம் செய்து பழகிய கை அது.

"தலைசுத்தலுங்க. காலையில சாப்பிடாம இருந்துட்டா" என்றார், பெண் கண் திறந்த பிறகு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க, இது வலிப்புன்னு எனக்குத் தெரியாதா? இதுக்கு வைத்தியம் பைக்குள்ள வரட்டுமா வேண்டாமான்னுதான் உங்களைக் கேட்டுட்டு இருக்கேன். வேண்டாம்னு சொல்லியிருக்கீங்களே, நியாயமா?"

"மெதுவாப் பேசுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." கூடத்தில் இருந்த போனை எட்டிப் பார்த்தார். "நான் வாயைத் திறந்து சொன்னா சாயல் அதைப் புடிச்சுக்கும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா அவங்ககிட்டயும் அதையேதான் சொல்லும். கல்யாணம்னு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அப்புறம் சமாளிச்சுக்கலாமுங்க. எத்தனையோ பேரு சமாளிக்கறாங்க."

நான் கண்ணால் பார்த்தது எங்கள் சட்டத்தில் செல்லாது. ஆள் தன் சொந்தக் குரலில் சொன்னால்தான் கணக்கு. அதனால் எதுவும் எழுதவில்லை. பொருந்துகிறது என்று கையெழுத்தும் போடவில்லை. மோரையும் குடிக்காமல் கிளம்பிவிட்டேன், அவ்வளவு கோபம்.

மறுநாள் கம்பெனி வாசல் டீக்கடையில், போனை உள்ளேயே வைத்துவிட்டு, மகிழினியே என்னைத் தேடி வந்தாள். இருபத்துநாலு வயது. இடது கையில் இரண்டு விரல் நுனி இல்லை.

"மெஷின்ல உக்காந்திருக்கறப்பவே வந்துருச்சுங்க மேடம். கத்தி வெட்டினது எனக்குத் தெரியவே இல்லை" என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து. "அம்மா சொன்னதை எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. வைத்தியம் என்னன்னு டாக்டர் சொன்னாரு?"

"மண்டைக்குள்ள ஒரு சில்லு வைக்கறாங்களாம். வலிப்பு கிளம்பறப்பவே அமுக்கிப்போடுமாம். அதுக்கு ஆகற காசுக்கு எங்க வீட்டை வித்தாலும் பத்தாதுங்க. பைக்குள்ள வந்தாத்தான் உண்டு." டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இப்பல்லாம் தூக்கத்துல வருது. வந்தா நெம்ப நேரம் நிக்குது. ஒருநாள் எந்திரிக்காமயே போயிருவேன்னு டாக்டர் நேரடியாவே சொல்லிட்டாரு. அம்மாகிட்ட சொன்னா, கல்யாணம் முடியட்டும் கண்ணுங்கறாங்க. அதுக்குள்ள நான் முடிஞ்சுட்டா?"

 பேச்சை மாற்றுகிறேன் என்று, "மாப்பிள்ளை எப்படி?" என்றேன்.

"தெரியாதுங்க. கவினேஷ்னு பேரு, பெருந்துறை. எங்க சாயல் ரெண்டும் ரெண்டு மாசமாப் பேசிட்டு இருக்குது. நல்லாப் பொருந்துதாம். நாங்க இன்னும் பேசலை."

"நீயே வந்து உன் குரல்ல மறுத்துச் சொல்லேன்."

"ஒருத்தி சொன்னாப் பத்தாதாமே? ஒரே வீதியில பத்துப் பேர் வேணும்னு படிச்சேன். அதுவுமில்லாம, நீ வாயைத் திறந்தா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு அம்மா சொல்லிட்டாங்க. எங்க அம்மா சொன்னாச் செய்வாங்க மேடம்."

அவள் படித்தது சரிதானா என்று பிரகதீஷுக்குப் போன் போட்டேன்.

"அப்படி ஒரு விதி இருக்குதுக்கா. இதுவரைக்கும் யாரும் தொட்டதில்லை. ஒரே தெருவுல பத்துப் பேர், எங்க சாயல் சொன்னது தப்புன்னு சொந்தக் குரல்ல சொன்னா, அந்தக் கேள்விக்குச் சாயல் செல்லாது. மாநிலம் முழுக்க ஆளுங்களை நேர்ல கேக்கணும். ஆனா சொன்னவங்களை டெஸ்ட் பண்ணுவாங்க. அந்தப் பத்துல ஒருத்தருக்காவது நோய் நிஜமா இருக்கணும். ஒருத்தருக்கும் இல்லைன்னா மறுப்பு தள்ளுபடி, அவங்க மேல கேஸ், கூட்டிட்டு வந்தவங்களுக்கு வேலை போகும்."

"மொதல்லயே நேர்ல கேட்டா என்னடா குறைஞ்சு போச்சு?"

"நேர்ல கேட்டா சனங்க ஒரு நாள் ஒண்ணு பேசறாங்க, மறுநாள் ஒண்ணு பேசறாங்க. சாயல்தான் நிதானமாப் பேசுது. நீங்க எதுவும் வம்பு இழுத்து விட்றாதீங்க, ப்ளீஸ்."

வம்பு ஏற்கெனவே இழுத்தாயிற்று. நேரே மௌலிகா வீட்டுக்கு எதிரில் இருக்கிற மாவுக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா பெயர் ஸ்ரீவர்ஷினி. அறுபதைத் தாண்டிவிட்டார். இந்தத் தலைமுறைப் பெரியம்மாக்களின் பெயர்களைக் கேட்டால் எல்லோரும் டிவி சீரியலிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

"எதிர் வீட்டுப் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"தங்கமான புள்ளைங்க! ஒரு நோய்நொடி கிடையாது. தலைவலின்னு ஒருநாள் படுத்து நான் பாத்ததில்லை. கண்ணை மூடிட்டுக் கட்டிக்கலாம்."

"நான் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லைங்க. சாயல் ஆபீஸ்."

"அட, அதை மொதல்லயே சொல்றதில்ல?" மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனை அணைத்தார். "எட்டு வயசுல இருந்து வருதுங்க அந்தப் புள்ளைக்கு. வீதிக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க, இங்க வாடகைக்கு வீடு இருக்குதான்னு கேட்டுட்டு வருவாங்க, மெதுவா அந்தப் பொண்ணு எப்படிம்பாங்க. நம்ம ஊர்ல விசாரிக்கறது அப்படித்தானே? நாங்க எதுக்குங்க இன்னொருத்தர் புள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போடோணும்? ஒருத்தருக்கொருத்தர் அப்படித்தான் இருக்கறோம். என்ற பையன் ரெண்டு வருஷம் மனசு சரியில்லாம ரூமை விட்டே வரலை. மௌலிகா ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்திருக்குமா? துபாய்ல இருக்கறான்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் வீட்டு நோயை அவரவர் மறைத்தார்கள். அடுத்த வீட்டு நோயை அதைவிடப் பத்திரமாக மறைத்தார்கள். இதையெல்லாம் கேட்டுத்தான் சாயல்கள் வளர்ந்திருந்தன. இது இரக்கத்தில் சொல்கிற பொய் என்று அதுகளுக்கு யார் சொல்வது?

"உங்க சாயல் என்ன சொல்லியிருக்குதுன்னு தெரியுமாங்க?" என்று கேட்டேன். "எங்க வீதியில யாருக்கும் வலிப்பு இல்லை, அதுக்கு அரசாங்கம் செலவு பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்குது."

"நான் எப்பங்க வேண்டாம்னேன்?"

"இல்லைன்னு சொன்னீங்க. இல்லாத நோய்க்கு வைத்தியம் எதுக்குன்னு அது கணக்குப் போட்டுக்கிச்சு."

ஸ்ரீவர்ஷினியம்மா மாவு டிரம் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.  "அந்தப் புள்ளைக்கு வைத்தியம் வேண்டாம்னு நானே சொல்லிப்போட்டனா?" என்றவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினேன்.

மாவு வாங்க வந்த யோகேஷ் இதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பக்கத்தில் சின்னதாகக் கம்பெனி வைத்து நடத்துகிறவர், பாத்திரத்தோடு நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்கு இந்தத் திட்டமே ஆகாதுங்க, அதை மொதல்ல சொல்லிப்போடறேன்" என்றார். "நான் ராப்பகலா மெஷினை ஓட்டி வரி கட்டுவனாம், ஊர்ல இருக்கறவனெல்லாம் சும்மா வைத்தியம் பாத்துக்குவானாம். சும்மா கிடைக்குதுன்னா கூட்டம் சேருமா சேராதா? வரிசையில நின்னே பாதிப் பேரு போய்ச் சேந்துருவான்."

"போன வருஷம் ரெண்டு முட்டியும் மாத்திட்டு வந்தீங்களே, அது யாரு கட்டின வரி?" என்றார் ஸ்ரீவர்ஷினியம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"அது வேற."

"என்ன வேற? முட்டி உங்களுதுங்கறதாலயா?"

யோகேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்னை விடுங்க. அந்தப் புள்ளை நான் பாத்து வளந்தது. இப்ப என்ன பண்ணோணும்?"

பத்துப் பேர் விஷயத்தைச் சொன்னேன். சிக்கலையும் சொன்னேன். எதிர் வீட்டில் வலிப்பு இருக்கிறது என்று இவர்கள் சொந்தக் குரலில் சொன்னால் சாயல் அதையும் பிடித்துக்கொள்ளும். பெருந்துறைக்காரர்கள் காதுக்கு ஒரே நாளில் போய்விடும்.

"அவங்கூட்டுல இருக்குதுன்னு எதுக்குச் சொல்லோணும்? நம்மூட்டுல இருக்குதுன்னு சொல்லிட்டாப் போகுது" என்றார் யோகேஷ்.

"பொய் சொன்னா கேஸ் ஆகுமுங்க."

"இத்தனை வருஷமா இல்லைன்னு சொல்லிட்டு இருந்தோமே, அதுக்கு ஒருத்தனும் கேஸ் போடலையே?"



வியாழக்கிழமை மாலை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டோம். நான் ஏன் சம்மதித்தேன் என்று கேட்டால், அம்மா மிரட்டியிருந்தாலும், நான் சொல்லி அனுப்பிய பிறகு மகிழினி எப்படியும் வந்துவிடுவாள் என்ற நம்பிக்கைதான். அவள் ஒருத்தி வந்து சொல்லிவிட்டால் மற்ற ஒன்பது பேரும் தப்பித்துக்கொள்வார்கள். நானும் தப்பித்துக்கொள்வேன். ஒன்பது பேர் வந்தார்கள். எல்லோருமே பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டவர்கள். கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கு வலிப்பு இருக்குதுங்க" என்று யோகேஷ் போனைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்.

"எப்ப வரும்?" விதிப்படி நான் கேட்டாக வேண்டும்.

"கரண்ட் பில் வர்ற அன்னைக்கு."

"அண்ணா, ஒழுங்காச் சொல்லுங்க!"

ஒன்பது பேரும் சொல்லி முடித்தார்கள். மகிழினி வரவில்லை. ஷிப்ட் விட்டு அரை மணி ஆகிவிட்டது. நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். வேலை போனால் மகன் படிப்புக்கு என்ன செய்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போது வாசலில் மௌலிகா வந்து நின்றார். தனியாக.

"என்னைப் பத்தாவதா எழுதிக்குங்க" என்றார்.

"மகிழினி எங்கீங்க?"

"அவ பேரை எடுக்காதீங்க. எனக்கு இருக்குதுன்னுதான் சொல்லப் போறேன்." ஒன்பது பேரையும் ஒரு முறை பார்த்தார். "ஊரே என்ற புள்ளைக்காக வலிப்புன்னு சொல்லிட்டு நிக்குது. நான் கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தா நான் என்ன மனுஷி?"

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"மாமியாளுக்கு இருந்தா அவங்களுக்கு என்ன வந்துதுங்க? பொண்ணுக்கு இருக்குதுன்னு நான் சொல்லலையே."

போன் முன்னால் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். "என்ற பேரு மௌலிகா. எனக்கு வலிப்பு இருக்குது. பதினாறு வயசுல இருந்து இருக்குது" என்றார். மற்றவர்களைப் போலத் தடுமாறவில்லை. பரவாயில்லையே, நல்ல நடிகைதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பத்தும் பொய், ஒன்றுகூட நிஜமில்லை. இருந்தும் மறுப்பை மேலே அனுப்பினேன். அனுப்பாமல் இருந்தால் மகிழினி முகத்தில் எப்படி விழிப்பது?

வெள்ளிக்கிழமை அறிவிக்க இருந்த முடிவை நிறுத்தி வைத்தார்கள். பத்துப் பேர் நெற்றியிலும் டெஸ்ட் பண்ணுகிற பட்டை ஒன்றைக் கட்டினார்கள். அதைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் இருந்தால் போதும், வலிப்பு இருக்கிறதா, எப்போதாவது வந்ததா என்று எல்லாம் தெரிந்துவிடும். யோகேஷ் அந்தப் பட்டையோடு கம்பெனிக்குப் போய் ஆட்களுக்குச் சம்பளம் போட்டாராம்.

சனிக்கிழமை பிரகதீஷ் கூப்பிட்டான். "அக்கா, வாங்க. வந்து பாருங்க."

திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினான். யோகேஷ், ஒன்றுமில்லை. ஸ்ரீவர்ஷினி, ஒன்றுமில்லை. வரிசையாக ஒன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று நான் மனதுக்குள் ஆரம்பித்துவிட்டேன். பத்தாவதில் நிறுத்தினான். "இவங்களுக்கு இருக்குது. பழைய தடமும் இருக்கு, புதுசும் இருக்கு. போன மாசம்கூட வந்திருக்கு."

மௌலிகா.

அடிப்பாவி, பட்டையை மகள் நெற்றியில் கட்டிவிட்டாளா என்றுதான் முதலில் நினைத்தேன். அதையே வாய்விட்டும் கேட்டுவிட்டேன்.

"முடியாதுக்கா. பட்டை நாடியை வெச்சு ஆளை அடையாளம் பாக்கும். இது அவங்களேதான்."

 எத்தனையோ பேர் சமாளிக்கிறார்கள் என்று அந்த அம்மாள் சொன்னது யாரைப் பற்றி என்று இப்போதுதான் தெரிந்தது. பிரகதீஷ் மெதுவாக, "மத்த ஒன்பது பேரைப் பத்தி என்ன எழுதறது?" என்றான்.

"ஏதோ மயக்கத்தை வலிப்புன்னு நினைச்சுட்டாங்கன்னு எழுது."

"ஒன்பது பேருமா?"

"ஒன்பது பேரும்தான். எழுதுடா."

எழுதினான். நான்தான் சொன்னேனே, நல்ல பையன். மறுப்பு செல்லும் என்று ஆனது. அதற்கப்புறம் ஆட்களை நேரில் கேட்டதும், வரி கூடினாலும் பரவாயில்லை என்று சனங்கள் சொன்னதும், மயிரிழையில் நீள்நோய் பைக்குள் சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. யோகேஷ் கடைசிவரை வேண்டாம் என்றுதான் சொன்னார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதாம்.

பத்திரிகையில் வராதது அந்தச் சனிக்கிழமை மாலை நடந்தது. டெஸ்ட் முடிவை ஆளிடமே நேரில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நான் போனபோது நவநீதன் வாசலில் பந்தல்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். மௌலிகாவை உள்ளே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றார் அவர். "கொஞ்சம் மெல்லப் பேசுங்க. அவருக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?" நவநீதன் பின்னாலேயே வந்திருந்தார்.

மௌலிகாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நானாவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் அன்றைக்கு எனக்கு வரவில்லை.

"உனக்கு வலிப்பு இருக்கறதைத்தானே சொல்றே?" என்றார் நவநீதன். "அது எனக்குக் கல்யாணமான மூணாவது மாசமே தெரியும். கிணத்தடியில விழுந்து கிடந்தே. தூக்கிட்டு வந்து கட்டில்ல போட்டதே நான்தான். கண் முழிச்சதும், வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னே. சரின்னுட்டேன்."

"தெரியுமா?" மௌலிகாவுக்குக் குரலே வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள், வீதிக்கே கேட்டிருக்கும். "இருபத்தாறு வருஷமாத் தெரியுமா? தெரிஞ்சும் வாயை மூடிட்டா இருந்தீங்க? நான் மாத்திரையை அரிசிக்குள்ள புதைச்சு வெச்சு, நீங்க தூங்கினப்புறம் தின்னுட்டு, எங்க விழுந்து தொலைப்பனோன்னு ஒரு விசேஷத்துக்குப் போகாம... என்னை ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா மனசு சங்கடப்படுவேன்னு கேக்கலை."

"சங்கடப்பட்டிருந்தாத்தான் என்ன?" என்று அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார் மௌலிகா. அடித்த கையாலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நவநீதனுக்கும் கண் கலங்கிவிட்டது. பந்தல்காரர்கள் வாசலில் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

மகிழினி அறையிலிருந்து வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. மேஜை மேல் இருந்த தன் போனை எடுத்தாள்.

"பெருந்துறைக்கு நான் பேசறேன் கண்ணு" என்றார் நவநீதன்.

"வேண்டாம்ப்பா. நானே பேசறேன்."

மௌலிகா தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, உறை பிரிக்காத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகிழினி தன் சாயலை அணைத்துவிட்டுக் கூப்பிட்டாள். எதிர்முனையில் உடனே எடுத்தார்கள். "சொல்லுங்க மகிழினி, சாப்பிட்டாச்சா?" என்றது இதமான ஆண் குரல்.

"நான் மகிழினிதானுங்க. சாயல் இல்லை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு வலிப்பு இருக்குது. எட்டு வயசுல இருந்து இருக்குது. எங்க அம்மாவுக்கும் இருக்குது. உங்க வீட்டுல நாங்க மறைச்சுட்டோம்."

 மகிழினி போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் நுனி இல்லாத அந்தக் கையால்.

"மன்னிச்சுக்குங்க" என்றது குரல் கடைசியில். "நான் கவினேஷோட சாயல். இந்த மாதிரி எங்ககிட்ட யாரும் சொன்னதில்லைங்க. அவர் இதுக்கு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியலை. கொஞ்சம் இருங்க, அவரையே கூப்பிடறேன்."

காத்திருந்தோம். தறி ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ செருப்போடு ஓடி வருகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு வேறொரு குரல், அவ்வளவு இதமில்லாத குரல், "ஹலோ, யாருங்க?" என்றது.

மகிழினி முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.